கிசான் தவணை ஏறவில்லையா? எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் பணம் நின்றுபோனால் ஊரில் முதலில் சொல்வது, "பேங்குல போய்க் கேளுங்க" என்பதுதான். பேங்கில் வேளாண்மை ஆபீஸைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் வி.ஏ.ஓ.வைப் பார்க்கச் சொல்வார்கள். யாரும் தட்டிக்கழிப்பதாகவே இருக்க வேண்டியதில்லை. நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம் இருக்கிறது, விவசாயி என்று ஒப்புதல் கொடுப்பது வேளாண்மைத் துறை, ஆதாரைக் கணக்கோடு கோத்துவிடுவது வங்கி. இதில் எது அறுந்திருக்கிறது என்பதை வீட்டில் இருந்தபடியே பார்த்துவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே ஆபீஸோடு வேலை முடிந்துவிடும். பார்க்காமல் கிளம்பினால் மூன்று ஆபீஸுக்கும் பஸ் செலவு.

அதற்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: பணம் உண்மையிலேயே நின்றிருக்கிறதா, இன்னும் வெளியிடவே இல்லையா? ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாயாக மூன்று தவணை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. இது காலக்கட்டம்தானே தவிர, தேதி கிடையாது. 2025-இல் 19-ஆம் தவணை பிப்ரவரி 24 அன்று வந்தது. அடுத்தது ஜூலை தாண்டி ஆகஸ்ட் 2-இல் வந்தது. 21-ஆம் தவணையை நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்துத்தான் வெளியிட்டார்கள். ஆகவே "நாலு மாசம் ஆச்சே" என்று கணக்குப் போட வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஏறிவிட்டதா என்று கேளுங்கள். அவருக்கு வந்து, உங்களுக்கு ஒரு வாரம் கழித்தும் வரவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

நிலவரத்தைப் பார்ப்பது

போன் பிரவுசரில் பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தைத் திறந்து, விவசாயிகளுக்கான பகுதியில் "நோ யுவர் ஸ்டேட்டஸ்" என்பதை அழுத்துங்கள். பதிவு எண் கேட்கும். தமிழ்நாட்டு எண்கள் டி.என். என்று தொடங்கும். எண் கையில் இல்லையென்றால் அதே பக்கத்தில் "நோ யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்" என்று இருக்கும். ஆதார் எண்ணோ, பதிவு செய்தபோது கொடுத்த செல்போன் எண்ணோ போட்டு ஓ.டி.பி. வாங்கினால் எண் கிடைத்துவிடும். அதைப் பாஸ்புக்கின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

திறக்கும் பக்கத்தில் பெயர், முகவரிக்குக் கீழே பார்க்க வேண்டியவை மூன்று: லேண்ட் சீடிங் (நில விவரம் பதிவோடு சேர்ந்திருப்பது), இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளை உறுதி செய்வது), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது). மூன்றிலும் "எஸ்" என்று இருக்க வேண்டும். எதில் "நோ" இருக்கிறதோ அதுதான் உங்கள் வேலை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். வாயால் "பணம் வரல சார்" என்று சொல்வதற்கும், "லேண்ட் சீடிங் நோ காட்டுது" என்று தாளை நீட்டுவதற்கும் ஆபீஸில் கிடைக்கும் பதிலே வேறு.

அதற்கும் கீழே தவணைவாரியான விவரம் இருக்கும். "ஆர்.எஃப்.டி. சைன்டு பை ஸ்டேட்" என்றிருந்தால் மாநில அரசு உங்கள் பெயருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது என்று பொருள். "எஃப்.டி.ஓ. ஜெனரேட்டட், பேமென்ட் கன்ஃபர்மேஷன் பெண்டிங்" என்றிருந்தால் பணம் அனுப்பும் உத்தரவு தயார், வங்கிக்கு ஏறவில்லை. இந்த இரண்டுக்கும் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். பணம் போட்டதாகவே காட்டி, கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களும் வங்கிப் பெயரும் அங்கே இருக்கிறது, ஆனால் உங்கள் பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கிறது.

பணம் "காணாமல்" போவது எங்கே

அதிகக் குழப்பம் நடப்பது இங்கேதான். பதிவின்போது கொடுத்த பாஸ்புக் நகலில் உள்ள கணக்குக்குத்தான் பணம் வரும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அப்படி வருவதில்லை. பணம் ஆதார் எண்ணைப் பார்த்து அனுப்பப்படுகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியல் என்.பி.சி.ஐ. என்ற தேசிய அமைப்பிடம் இருக்கிறது. ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கியில் இணைப்புக் கொடுத்தீர்களோ, அது பழையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

எனவே நகைக் கடனுக்காக டவுனில் புதுக் கணக்குத் தொடங்கியபோது நீட்டிய ஃபாரங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கி அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருந்தாலோ, பணம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். உங்களுக்கோ அந்தக் கணக்கு ஞாபகத்திலேயே இருக்காது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு: கூலி எந்தக் கணக்கில் விழுகிறதோ அதில் முதலில் பாருங்கள். இரண்டும் ஆதார் வழியாகவே வருவதால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். முழுக் கணக்கு எண் காட்டாது. ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் கிளைக்குப் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கிளையில் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "ஆதார் சேர்த்திருக்கா?" என்று கேட்டால் கணினியைப் பார்த்துவிட்டு "சேர்ந்துதான் இருக்கு" என்பார்கள். அது பொய்யல்ல. கே.ஒய்.சி.க்காகக் கணக்கில் ஆதார் எண்ணை ஏற்றுவது ஒரு வேலை. அரசுப் பணம் வாங்குவதற்காக என்.பி.சி.ஐ. பட்டியலில் ஏற்றுவது தனி வேலை. முதலாவது முடிந்து இரண்டாவது முடியாமலிருக்கும் கணக்குகள் ஏராளம். "அரசு மானியம் வாங்க என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்யணும், அதுக்கான ஒப்புதல் படிவம் கொடுங்க" என்று கேளுங்கள். படிவத்தில் முன்பு வேறு வங்கியில் இணைப்பு இருந்ததா என்று ஒரு கட்டம் இருந்தால் அந்த வங்கியின் பெயரை எழுதுங்கள்; அதைக் காலியாக விட்டுவிட்டால் மாற்றம் நடக்காமல் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பாருங்கள். அதில் மாறினால்தான் மாறியதாகக் கணக்கு. கவுண்டரில் "ஆயிடுச்சு" என்று சொல்வதை நம்பி அடுத்த தவணை வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கை வங்கி செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். கே.ஒய்.சி. புதுப்பிக்காத கணக்கிலும் முடக்கம் வரும். இரண்டுக்கும் ஆதார் நகல், பான் கார்டு அல்லது பான் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம், போட்டோவோடு போய்ப் புதுப்பித்தால் போதும். புதுக் கணக்கு திறக்கச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒவ்வொரு புதுக் கணக்கும் இன்னொரு குழப்பம். இன்னொன்று, ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் வங்கி அல்ல; அதன் சேமிப்புக் கணக்கை இதற்குக் கொடுக்க முடியாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்கு செல்லும்.

இ-கேஒய்சி

இது சின்ன வேலை. ஆதாரோடு இணைந்த செல்போன் எண் கையில் இருந்தால் தளத்திலேயே ஓ.டி.பி. போட்டு முடித்துவிடலாம். எண் தொலைந்து போயிருந்தால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கைக்கு ரேகை விழாது, வயதானவர்களுக்கு இன்னும் சிரமம். கட்டை விரலே வைக்க வேண்டும் என்று விதியில்லை. மோதிர விரலில் தேய்மானம் குறைவு, அதை வைத்துப் பாருங்கள். கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைத்தால் சிலருக்கு விழும்.

அதுவும் ஆகவில்லை என்றால் முக அடையாளம் இருக்கிறது. பிளே ஸ்டோரில் உள்ள பி.எம். கிசான் செயலியையும் அதோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டாவது இல்லாமல் முதலாவது முகம் பார்க்காது. நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றி, முகத்தை நேராக வைத்துக் கண்ணை இமைத்தால் முடிந்தது. 2023 ஜூனில் வந்த வசதி இது. உங்கள் செயலியிலிருந்தே மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கலாம் என்பதால் ஒரு தெருவுக்கு ஒரு நல்ல போன் இருந்தால் போதும், படித்த பிள்ளை யாராவது ஒரு மாலையில் முடித்துக் கொடுத்துவிடலாம்.

லேண்ட் சீடிங்

இதில் "நோ" இருந்தால் வங்கிக்கும் சேவை மையத்துக்கும் போய் பிரயோஜனமில்லை. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் கிராமத்தைப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலரிடம் போக வேண்டும். தோட்டக்கலைப் பயிர் வைத்திருந்தால் உதவி தோட்டக்கலை அலுவலர். எடுத்துப் போக வேண்டியவை: சமீபத்தில் எடுத்த கணினிச் சிட்டா, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பதிவு எண், ஸ்டேட்டஸ் பிரிண்ட். சிட்டாவை வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய கையெழுத்துப் பட்டாப் புத்தகத்தை மட்டும் கொண்டு போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

கிளம்பும் முன் சிட்டாவை ஒரு முறை வாசியுங்கள். சிக்கல் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

ஆதாரில் "மு. பழனிச்சாமி", சிட்டாவில் "பழனி கவுண்டர்" என்றோ "பழனியப்பன்" என்றோ இருந்தால் கணினி சேர்த்துக்கொள்ளாது. இனிஷியல் வேறுபாடு, சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரியான சின்ன வேறுபாடுகளை அலுவலர் நேரில் பார்த்து ஏற்றுக்கொள்வதுண்டு. பெயரே வேறாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயர் எதுவோ அதற்கு ஏற்ப மற்றதைத் திருத்துவது நல்லது. ஆதாரை மாற்றப் போய், வங்கி, ரேஷன் கார்டு, கூட்டுறவுக் கடன் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடுக்க ஆரம்பித்தால் வேலை பெருகும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது இன்னொரு வகை. நிலத்தை நீங்கள்தான் உழுகிறீர்கள், தீர்வை கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் இந்தத் திட்டத்தில் எடுபடாது. நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து வாரிசு அடிப்படையில் பட்டா மாறுதல் கேளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரத்திலும்" என்ற இணையச் சேவையிலும் செய்யலாம். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். பாகப்பிரிவினை இல்லாமலே வாரிசுகள் எல்லோர் பெயரும் உள்ள கூட்டுப் பட்டா வாங்கலாம். கூட்டுப் பட்டாவில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக 6,000 ரூபாய்க்குத் தகுதி உள்ளதுதான். ஒருவர் வாங்கினால் மற்றவருக்குக் கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்

மூன்றும் "எஸ்" காட்டியும் பணம் நிற்கிறது என்றால் தகுதியில் சந்தேகம் வந்து நிறுத்தி வைத்திருக்கலாம். 2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் இரண்டு வகையினரைப் பொறுக்கி எடுத்து, நேரில் விசாரித்து முடிக்கும் வரை தவணையை நிறுத்தியது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் தங்கள் பெயருக்கு வந்தவர்கள் ஒரு வகை. ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் வாங்குவது இரண்டாவது வகை.

முதல் வகையில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது. நிலம் வைத்திருந்தவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் என்றால் உண்டு. ஆகவே இறப்புச் சான்றையும், இறந்தவர் பெயரில் முன்பு இருந்த பட்டா நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதி வாங்கியதை வாரிசுரிமை என்று வாதாடிப் பயனில்லை.

இரண்டாவது வகையில் "குடும்பம்" என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். கணவன் பெயரில் இரண்டு ஏக்கர், மனைவிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த ஒரு ஏக்கர் என்று தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவர்தான் வாங்கலாம். வளர்ந்த மகன் தன் பெயரில் நிலம் வைத்திருந்தால் அது தனிக் குடும்பம். ரேஷன் கார்டு ஒன்றாக இருப்பதால் மட்டும் மகனையும் அப்பாவையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், வயதைக் காட்டும் ஆதாரையும் இரண்டு சிட்டாவையும் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

மற்ற விலக்குகள்: கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், அரசு ஊழியராக இருப்பவர் அல்லது இருந்தவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், பதிவு பெற்றுத் தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், தணிக்கையாளர், கட்டடக் கலைஞர். நான்காம் நிலை, குரூப் டி ஊழியர்களுக்கு ஊழியர், ஓய்வூதியம் என்ற இரண்டு தடையும் இல்லை. கணவன் மனைவியில் ஒருவர் இந்த விலக்கில் வந்தாலும் குடும்பத்துக்கே கிடையாது. ஆசிரியையின் கணவர் தன் பெயரில் வாங்கிக்கொண்டிருப்பது பல ஊர்களில் நடக்கிறது. பின்னால் அத்தனை தவணையும் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அப்படி இருந்தால் தளத்திலேயே தானாக விட்டுக்கொடுக்கும் வசதியும், திருப்பிச் செலுத்தும் வசதியும் இருக்கின்றன. நோட்டீஸ் வருவதற்குள் முடித்துக்கொள்வது மரியாதை.

குத்தகைக்கு உழுபவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுது வந்தாலும் இல்லை. தஞ்சை, திருவாரூர் பக்கம் உண்மையில் சேற்றில் இறங்குகிறவர்களில் பெரும் பங்கினரை இந்த ஒரு விதி வெளியே நிறுத்திவிடுகிறது. இது அநியாயம்தான். ஆனால் உள்ளூர் ஆபீஸில் மனுக் கொடுத்து மாற்றக்கூடியது அல்ல. "நான் சேர்த்து விடுறேன், 500 ரூபாய் கொடு" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

அப்படிச் சேர்த்துவிட்டதன் விளைவைத்தான் 2020-இல் பார்த்தோம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தித் தகுதியில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். 110 கோடி ரூபாய்க்கு மேல் போனதாக அரசே சொன்னது. பிறகு ஏழை எளியவர்களின் கணக்கிலிருந்துதான் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். இன்று ஒரு ஒப்புதலுக்கு அலுவலர் இவ்வளவு தாள் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிதாகச் சேர்வது, இறந்தவர் பெயரில் வருவது

புதுப் பதிவுக்கு இப்போது விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வேண்டும். ஆதார், அதோடு இணைந்த செல்போன், பட்டா எண், புல எண் விவரத்துடன் பொதுச் சேவை மையத்திலோ வேளாண்மைத் துறை முகாமிலோ இதை எடுக்கலாம். உங்கள் பெயரில் உள்ள எல்லாப் புல எண்களையும் ஏற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். பின்னால் மற்ற மானியங்களுக்குப் போகும்போது விடுபட்ட புலம் இடிக்கும். அதன்பின் கிசான் தளத்தில் புதுப் பதிவு, பிறகு மாநில ஒப்புதல்.

வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் அந்தக் கணக்கில் தொடர்ந்து வரும் தவணையை ஏ.டி.எம். கார்டு வைத்து எடுக்கக் கூடாது. இறப்பை உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுத்தில் சொல்லுங்கள். மனைவியோ பிள்ளையோ பட்டா மாற்றிக்கொண்டு புதிதாகத்தான் சேர வேண்டும். பழைய பதிவில் பெயரை மட்டும் மாற்றித் தர முடியாது.

நின்ற தவணைகள் கிடைக்குமா?

கிடைக்கும், ஒரு நிபந்தனையோடு. உங்கள் பெயர் ஏற்கெனவே ஏற்றப்பட்டு, ஆதார், வங்கி, நிலம் என்று ஏதோ ஒரு கோளாறால் நின்றிருந்தால், கோளாறு தீர்ந்தபின் அந்தக் காலத் தவணைகளுக்கும் உரிமை உண்டு. தகுதியில்லை என்று தள்ளப்பட்டிருந்தால் கிடையாது. பெயர் ஏறுவதற்கு முந்தைய காலத்துக்கும் கிடையாது. பாக்கி மொத்தமாகவும் வரும், பிரிந்தும் வரும். பாஸ்புக்கில் ஒரே நாளில் இரண்டு 2,000 இருந்தால் பயப்பட வேண்டாம்.

உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுத்து ஒரு மாதமாகியும் ஸ்டேட்டஸ் மாறவில்லை என்றால் வட்டார உதவி வேளாண்மை இயக்குநர், அதற்கு மேல் மாவட்ட இணை இயக்குநர். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டும் எழுத்தில் பதிலும் வாங்கலாம். மனுவில் கதை வேண்டாம்: பதிவு எண், கிராமம், புல எண், எந்தத் தவணை முதல் நிற்கிறது, ஸ்டேட்டஸில் என்ன காட்டுகிறது, எந்தத் தேதியில் யாரிடம் என்ன தாள் கொடுத்தீர்கள். அரைப் பக்கம் போதும். தொலைபேசி உதவி எண் 155261. தளத்தில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் கிசான் இ-மித்ராவிடம் தமிழிலேயே கேட்கலாம், ஆனால் அது ஸ்டேட்டஸில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்லும்.

ஒவ்வொரு தவணை நெருங்கும்போதும் வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான்" என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு (போலிச் செயலி) ஒன்று சுற்றும். ஊர் குழுவில் தெரிந்தவர் அனுப்பியதாகவே இருக்கும், ஏனென்றால் அவர் போனை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். அதை நிறுவினால் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் திருடன் கைக்குப் போய், கணக்கில் இருப்பதும் போகும். செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவை நிறுத்தி, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.